பூனைக்கு என்ன ஆச்சு? அறிகுறியை வைத்து வீட்டைச் சரிசெய்யும் வழிமுறை

பூனைக்கு வீட்டைப் பாதுகாப்பாக்குவது எப்படி என்று கேட்டால் சமையலறை, பால்கனி, குளியலறை என்று அறை அறையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். பூனை வளர்க்கிறவர்கள் பதறிப்போய் விடை தேடுவதோ ராத்திரி பதினோரு மணிக்கு, பூனை திடீரென்று எச்சில் விடும்போதும் தள்ளாடி நடக்கும்போதும்தான். அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது அறிகுறி மட்டுமே. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்: அந்த நிமிடமே செய்ய வேண்டியது என்ன, வீட்டில் எது காரணமாக இருக்கலாம், எதை மாற்ற வேண்டும். சென்னை போன்ற ஊரில், அடுக்குமாடிக் குடியிருப்பில், வீட்டுக்குள்ளேயே வளரும் பூனையை மனதில் வைத்து எழுதியது. தனி வீட்டில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பூனை வலியை மறைக்கும். நாயைப்போல் காலடியில் வந்து முனகாது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நமக்குத் தெரியவரும்போது பிரச்சினை தொடங்கிப் பல மணி நேரம் ஆகியிருக்கலாம். கீழே "உடனே" என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் இன்றைக்கே, இப்போதே என்றுதான் அர்த்தம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள்

மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். நன்றாக இருக்கும் பூனைக்கு ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரல் நுனியால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெள்ளை, நீலம், பழுப்பு, மஞ்சள் என்று வேறு எந்த நிறமாக இருந்தாலும் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், கிளம்புங்கள். கறுப்புப் பூனைகளில் சிலவற்றுக்கு ஈறிலேயே கருந்திட்டுகள் இருக்கும். அதனால் பூனை நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

செய்யக்கூடாதவையும் உண்டு. விஷம் தின்றிருக்கும் என்று சந்தேகப்பட்டு உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே பூனைக்கு விஷமாகும், தண்ணீர் நுரையீரலுக்குள்ளும் போய்விடும். பால், மோர், கஷாயம் எதையும் வாயில் புகட்ட வேண்டாம். மனிதர்களுக்கான மாத்திரை பக்கமே போக வேண்டாம். கடித்த செடியின் இலை, மருந்து அட்டை, டப்பா, எது கிடைக்கிறதோ அதைக் கையோடு எடுத்துப்போங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எச்சில் ஒழுகுகிறது, முன்காலால் வாயைத் தேய்க்கிறது

வாய்க்குள் ஏதோ எரிகிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் நாக்கு, ஈறு, உதடு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வையுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் முதல் சந்தேகம் மணிபிளான்ட் மேல்தான் வர வேண்டும். அதன் இலையிலும் தண்டிலும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்ததும் வாய் முழுக்கக் குத்தும். சேம்பு இலை, டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி எல்லாம் இதே வகை. உயிருக்கு ஆபத்து அபூர்வம். ஆனாலும் தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் போக வேண்டும். கொடியை மேலே ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். தொங்கும் கொடியைப் பார்த்தால் பூனை அலமாரி மேல் ஏறியாவது பிடிக்கும். பூனை போகாத அறையில் வைப்பது அல்லது யாருக்காவது கொடுத்துவிடுவதுதான் வழி.

செடி ஏதும் இல்லாத வீடு என்றால் தரையைப் பாருங்கள். காலையில் ஃபினாயில் போட்டுத் துடைத்தீர்களா? கறுப்பு ஃபினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. வெள்ளை ஃபினாயிலில் சேர்க்கும் பைன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது. வாசனையான தரைக் கழுவிகள் பலவற்றில் இருக்கும் பென்சால்கோனியம் குளோரைடு நாக்கில் புண்ணையே உண்டாக்கும். அந்தப் புண் வெளியே தெரியச் சில மணி நேரம் ஆகும் என்பதால் காலையில் துடைத்த தரைக்கும் மாலையில் வழிந்த எச்சிலுக்கும் யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். ஈரத்தரையில் நடந்த பூனை அப்புறம் உட்கார்ந்து பாதத்தை நக்கும். விஷம் உள்ளே போகும் வழி அதுதான். வெறும் தண்ணீரோ, கொஞ்சம் சோப்புக் கரைசலோ போட்டுத் துடைத்தாலே தரை சுத்தமாகிவிடும். மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது முறை நல்ல தண்ணீரில் துடைத்து, காயும்வரை கதவைச் சாத்தி வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். வாளியில் அரை மூடி ஊற்றுவது அவருக்குப் பழகிப்போன வேலை.

உதட்டிலோ நாக்கிலோ சாம்பல் நிறத்தில் தழும்பு போலத் தெரிந்தால் மின்வயரைக் கடித்திருக்கலாம். குட்டிகள்தான் இதை அதிகம் செய்யும். பூனை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காட்டிவிடுங்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். சார்ஜர் வயர்களை பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு, தேவையில்லாதபோது பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்கள், பூனை தேரையைக் கவ்வியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாந்தி, சோர்வு, பூங்கொத்து வந்து ஒருநாள் ஆகவில்லை

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். பிறந்தநாளுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வரும் பூங்கொத்துகளில் பெரிய இதழும், தடித்த மகரந்தக் காம்பும் உள்ள லில்லிப் பூ இருக்கிறதா பாருங்கள். ஏசியாட்டிக், ஓரியண்டல் என்ற பெயர்களில் பூக்கடைகளில் விற்பது அதுதான். பூனைக்கு அது சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். இலை, பூ, தண்டு, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எல்லாமே விஷம். கடிக்கக்கூட வேண்டியதில்லை, பக்கத்தில் உரசிப்போன பூனையின் முடியில் மகரந்தம் ஒட்டி, அதை நக்கினாலே போதும்.

இதன் கொடுமை என்னவென்றால், முதல் சில மணி நேரம் வாந்தி எடுத்த பூனை அப்புறம் கொஞ்சம் தெளிந்ததுபோல் தெரியும். அந்த நேரத்தில்தான் சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீர் நின்றுபோகும். பூவைத் தொட்ட 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. சிறுநீர் நின்றபிறகு மிகக் குறைவு. எனவே லில்லியை மோந்து பார்த்தது தெரிந்தாலே, வாந்திக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள். முடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து, மேற்கொண்டு நக்க விடாமல் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள்.

லில்லியை வீட்டுக்குள் எங்கே வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எங்கேயும் வேண்டாம். கொண்டு வந்தவர் மனம் நோகாமல் வாங்கி, லில்லித் தண்டுகளை மட்டும் வாசலிலேயே உருவி வெளியே போட்டுவிட்டு மற்றதை உள்ளே எடுத்துவரலாம்.

நம் ஊர்ச் செடிகளிலும் ஆபத்தானவை இருக்கின்றன. மாநில மலரான செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு, லில்லிக் குடும்பம் இல்லை என்றாலும் அதில் இருக்கும் கால்ச்சிசின் பூனையை மட்டுமல்ல, மனிதரையும் கொல்லும். அரளியும் தங்க அரளியும் இதயத் துடிப்பைக் குலைப்பவை. தொட்டியில் அழகுக்கு வைக்கும் சைகஸ் கல்லீரலைக் கெடுக்கும். அதன் கொட்டைதான் மிக மோசம். சோற்றுக்கற்றாழை பேதியோடு விடும், ஆனாலும் பூனை கடிக்கும் உயரத்தில் வேண்டாம். பூனைக்குப் பச்சை கடிக்க ஆசை இருக்கத்தான் செய்யும். அகலமான தட்டில் கோதுமையோ கேழ்வரகோ விதைத்து வைத்தால் ஒரு வாரத்தில் புல் வந்துவிடும். அதைக் கடித்துக்கொள்ளட்டும்.

வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குகிறது

இழுக்காதீர்கள். தெரிந்தவர்களே செய்யும் தவறு இது.

நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் போயிருக்கும். குடல் தன் வழக்கப்படி அதை முன்னே தள்ளப் பார்க்கும். மாட்டிய முனை விடாது. கடைசியில் பாவாடை நாடாவை இழுத்ததுபோல் குடல் முழுக்க நூலின்மேல் சுருங்கிக் கொசுவிக்கொள்ளும். இறுகிய நூல் குடல் சுவரை அறுக்கும். வெளியிலிருந்து நாம் இழுத்தால் அந்த அறுப்பு அப்போதே நடந்துவிடும். தொங்குவது மிக நீளமாக இருந்து பூனையின் காலில் சிக்குகிறது என்றால் மட்டும், கொஞ்சம் மிச்சம் விட்டுக் கத்தரித்துவிட்டு உடனே போங்கள்.

வெளியே எதுவும் தொங்காமல், பூனை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, சாப்பாட்டைத் தொடாமல், வயிற்றைத் தொட்டால் சுருங்கினால், நாக்கின் அடியைப் பாருங்கள். ஒரு கையால் வாயைத் திறந்து, மறுகையின் கட்டைவிரலால் கீழ்த்தாடையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே, வெளிப்புறத்திலிருந்து மேல்நோக்கி அழுத்தினால் நாக்கு தூக்கிக்கொடுக்கும். நாக்கு வாயின் அடிப்பகுதியோடு சேரும் மடிப்பில் மெல்லிய கோடு, சில சமயம் புண்ணுக்குள் புதைந்த கோடு, தெரிந்தால் அது நூல்தான். பூனை கடிக்கும் சுபாவம் என்றால் நீங்கள் முயல வேண்டாம். மருத்துவரிடம் "நாக்குக்கு அடியில் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் இந்த நூல் எங்கிருந்து வருகிறது? முதல் இடம் பூச்சரம். சுவாமி படத்தில் ஆடிக்கொண்டிருக்கும் சரம், தலையிலிருந்து கழற்றி டிரெஸ்ஸிங் டேபிளில் வைத்த மல்லிகை, வாடியபின் திறந்த குப்பைக்கூடையில் போட்ட நூலும் வாழைநாரும் எல்லாம் பூனைக்கு ஒன்றுதான்: நீளமாக, லேசாக, இழுத்தால் வருகிற பொருள். அடுத்தது தையல் பெட்டி. ஊசியோடு நூலை விழுங்கும் பூனைகள் நிறைய. பிறகு இனிப்புப் பெட்டி ரிப்பன், பிறந்தநாள் பலூன் ரிப்பன், கொலுவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கட்டும் ஜிகினாத் தோரணம், தலைமுடி ரப்பர், கறியைக் கட்டிய நூல். கடைசியாகச் சொன்னதில் வாசனையும் சேர்ந்துவிடுவதால் பூனை விடவே விடாது.

சரி, என்ன செய்யலாம்? கால்மிதி வைத்துத் திறக்கும் மூடிபோட்ட குப்பைத்தொட்டி வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் பொருட்களில் முதலில் வாங்க வேண்டியது என்று அதைத்தான் சொல்வேன். பூஜை அலமாரிக்குக் கதவு இருந்தால் சாத்தி வையுங்கள். இல்லாவிட்டால் சரத்துக்குப் பதில் உதிரிப்பூ வையுங்கள். கோலுடன் வரும் நூல் பொம்மையை நீங்கள் கையில் பிடித்திருக்கும்போது மட்டும் விளையாட விட்டு, முடிந்ததும் அலமாரிக்குள் பூட்டிவிடுங்கள்.

உடல் நடுங்குகிறது, காது துடிக்கிறது, வலிப்பு வருகிறது

கடந்த இரண்டு மூன்று நாட்களில் உண்ணி மருந்து ஏதாவது போட்டீர்களா என்று முதலில் நினைத்துப் பாருங்கள். நாய்களுக்குக் கழுத்தில் சொட்டாக விடும் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத அதே மருந்து பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரவைத்துக் கொன்றுவிடும். "சின்ன நாய்க்கான அளவுதானே" என்று கடையில் சொன்னாலும் ஏற்க வேண்டாம். டப்பாவில் பூனைக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.

பூனை சுயநினைவோடு இருந்தால், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் மருந்து பட்ட இடத்தைக் கழுவுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம். தோல் வழியாக மருந்து இன்னும் வேகமாக உள்ளே போகும். துவட்டி, துண்டில் சுற்றி உடனே கொண்டுபோங்கள். வலிப்பு நடந்துகொண்டிருந்தால் கழுவ நேரம் செலவழிக்காதீர்கள். நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீட்டில் நாய்க்கு மருந்து போட்டால் மூன்று நாள் இரண்டும் ஒன்றாகப் படுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எறும்புக்குத் தரையில் கோடு போடும் சாக்பீஸ், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் இதே குடும்பத்து மருந்துகள். கோட்டை மிதித்து, பாதத்தை நக்கும். பாதை ஃபினாயில் போலத்தான். எறும்புக்கு அரிசிமாவுக் கோலம் போதும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டுத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டுக்கு நடுவில் வைத்தாலே பூனைச் சாப்பாட்டுக்கு எறும்பு வராது. கொசு மருந்து இயந்திரத்தின் குப்பியைத் தரையோரப் பிளக்கில் மாட்டாதீர்கள், தட்டிவிட்டால் திரவம் ஒழுகும்.

ஈறு பழுப்பாகிவிட்டது, முகமும் பாதமும் வீங்கியிருக்கிறது

பாராசிட்டமால். பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்து நல்ல மனதோடு யாராவது கொடுத்திருப்பார்கள். பூனையின் கல்லீரலில் அதைப் பிரித்து வெளியேற்றத் தேவையான நொதி போதிய அளவு கிடையாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பாகும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே 4 கிலோ பூனையைக் கொல்லப் போதும். குழந்தைகளுக்கான சிரப்பும் அதே மருந்துதான். மாற்று மருந்து உண்டு, பெயர் அசிட்டைல்சிஸ்டீன். சீக்கிரம் போனால் காப்பாற்ற முடியும். யார் என்ன கொடுத்தார்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். கோபப்படாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் வலிநிவாரணி ஜெல்லும் ஆகாது. தாத்தா முழங்காலில் தடவிய தைலத்தைப் பூனை நக்க வரும். கால்சட்டையோ வேட்டியோ மறைத்திருக்கட்டும். மேசைமேல் உருளும் மாத்திரை பூனைக்கு விளையாட்டுப் பொருள் என்பதால், மாத்திரை டப்பா இழுப்பறைக்குள்தான் இருக்க வேண்டும்.

ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் ரத்தம், காரணமில்லாத கன்றிப்பு

எலி மருந்து. புரோமாடியோலோன் கலந்த எலி கேக் ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தம் கசியும். வைட்டமின் கே1 பல வாரம் கொடுத்தால் தேறிவிடும் என்பதால் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஜிங்க் பாஸ்பைடு வேறு மாதிரி: வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாகும், வாயில் பூண்டு நாற்றம் வரும், சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகும். அதைத் தின்றிருந்தால் சாப்பாடு கொடுக்கக்கூடாது, கொடுத்தால் வாயு கூடும். வண்டியில் போகும்போது கண்ணாடியை இறக்கிவிடுங்கள், வாந்தியிலிருந்து வரும் வாயு உங்களுக்கும் ஆபத்து.

உங்கள் வீட்டில் எலி மருந்து வைக்கவில்லை என்பது போதாது. குடியிருப்போர் சங்கம் கீழே மீட்டர் ரூமிலும் சாக்கடை ஓரத்திலும் வைத்திருக்கலாம். விஷம் தின்ற எலி தள்ளாடிக்கொண்டு உங்கள் பால்கனிக்கே வரலாம். சங்கச் செயலாளரிடம் என்ன மருந்து, எங்கே, எப்போது என்று கேட்டு வாங்குவது பூனை வளர்ப்பவரின் உரிமை. பசை அட்டையில் பூனையே ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல் சமையல் எண்ணெய் தடவி மெல்லக் கழற்றுங்கள், பிறகு சோப்புப் போட்டு எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

ஈறு வெளுப்பதற்கு இன்னும் இரண்டு காரணம் அலமாரியிலும் அடுப்பிலும் இருக்கின்றன. பீரோவில் துணிக்கு நடுவே போடும் பாச்சை உருண்டை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயமும் பூண்டும் அதையேதான் செய்கின்றன, பச்சையானாலும் வதக்கினாலும் பொடியானாலும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம் வெங்காயமே ரத்தத்தில் மாற்றத்தைக் காட்டும். மிச்சமான கோழிக்குழம்பில் சோற்றைப் பிசைந்து வைக்கும் பழக்கம் தலைமுறையாக வருவது. மாற்றுவது எளிது: மசாலா போடுவதற்கு முன்பே இரண்டு துண்டு கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்து எடுத்து, எலும்பை நீக்கிக் கொடுங்கள்.

பூனையைக் காணோம், அல்லது கீழே கிடக்கிறது

மாடியிலிருந்து விழுந்த பூனை எழுந்து நடந்தாலும் அப்படியே தூக்கி மடியில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெட்டியிலோ விரிப்பிலோ சமமாகக் கிடத்தி எடுத்துப்போங்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிவது, தாடை உடைவது, மேலண்ணம் பிளப்பது எல்லாம் வெளியே தெரியாது. 1987ல் நியூயார்க்கில், மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளை ஆராய்ந்ததில் 90 சதவீதம் பிழைத்தன. "பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்" என்று சொல்பவர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். மருத்துவமனைக்கு வந்த பூனைகளின் கணக்கு அது. விழுந்த இடத்திலேயே செத்தவை அந்தக் கணக்கில் வராது. நாலு காலில் நின்றாலும் கால் உடையத்தான் செய்யும். பூனை விழுவது பெரும்பாலும் கைப்பிடிச் சுவரில் தூங்கும்போது வழுக்கியோ, புறாவைப் பார்த்துப் பாய்ந்தோதான். உயரம் தெரிந்த பூனைதான், பறவை தெரிந்ததும் உயரம் மறந்துபோகிறது.

பால்கனிக்குச் சென்னையில் எல்லோரும் போடுவது நைலான் புறா வலை. புறா உள்ளே வராமல் இருக்கப் போட்டது அது; பூனை வெளியே போகாமல் இருக்கப் போட்டதில்லை. பூனை அதைக் கடித்து அறுக்கும், நகத்தால் ஏறும். வெயிலில் காய்ந்து இற்றுப்போகும். ஏற்கெனவே போட்டிருந்தால் சுற்றிவர ஒவ்வொரு கொக்கியையும் கையால் இழுத்துப் பாருங்கள், முக்கியமாகக் கீழ் மூலைகளை. புதிதாகப் போடுகிறவர்கள் கொஞ்சம் செலவு கூடினாலும் துருப்பிடிக்காத ஸ்டீல் வலை போடுங்கள். கண்ணி 4 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். கம்பிகளை மட்டும் செங்குத்தாக இழுத்துக் கட்டும் கிரில் பார்க்க அழகு. இடைவெளி 2 அங்குலத்தைத் தாண்டினால் குட்டி நுழைந்துவிடும். தலை போனால் உடம்பும் போகும்.

ஜன்னலில் ஃபைபர் கொசுவலை போட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். பல்லியைப் பார்த்து ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் சட்டத்தோடு பிய்ந்து வரும். அங்கேயும் ஸ்டீல் வலைதான். குளியலறை வென்டிலேட்டர் வழியாக ஷாஃப்டுக்குள் விழுந்த பூனைகளை மீட்பது பெரும்பாடு; அங்கே கண்ணாடிப் பட்டைகளுக்கு வெளியே வலை அடித்துவிடுங்கள்.

காணாமல் போனால் தெருக்கோடிவரை ஓடுவதற்கு முன் வீட்டுக்குள் தேடுங்கள்: பரண், பீரோவுக்கு மேல், ஃப்ரிட்ஜின் பின்புறம், சோஃபாவின் கிழிந்த அடித்துணிக்குள், முன்கதவு வாஷிங் மெஷினுக்குள். வெளியே போயிருந்தாலும் வீட்டுப் பூனை தூரம் போகாது. 2018ல் வெளிவந்த ஆய்வில், கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்திருக்கின்றன. படிக்கட்டுக்கு அடியில், ஜெனரேட்டர் அறையில், கார் பானட்டுக்குள் பயந்து ஒடுங்கியிருக்கும். கூப்பிட்டால் பதில் தராது. ராத்திரி சந்தடி அடங்கியபிறகு டார்ச் அடித்தால் கண் மின்னும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது

நாய்க்கு இது சாதாரணம், பூனைக்கு அவசரம். சித்திரை, வைகாசியில் மேல்தளத்தில் மின்சாரம் போன மதியம் என்றால் வெப்பத் தாக்கமாக இருக்கலாம். பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40.5ஐத் தாண்டினால் உயிராபத்து. சாதாரணத் தண்ணீரில் துணியை நனைத்து வயிறு, கைக்கூடு, பாதம் எல்லாம் துடைத்து விசிறுங்கள். ஐஸ் வைத்தால் தோலின் ரத்தக்குழாய் சுருங்கி உள்ளே வெப்பம் தேங்கும். வெயில் இல்லாத நேரம் என்றால் ஆஸ்துமா, இதய நோய், நெஞ்சுக்கூட்டில் நீர் என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும். சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் ஆஸ்துமா உள்ள பூனைக்குத் தொல்லை; சாம்பிராணி போடும் அறையில் அதை அடைக்காதீர்கள். கோடையில் எங்கே தரை குளிர்ச்சியோ அங்கே, பெரும்பாலும் குளியலறையில், பூனை போய்ப் படுக்கும். அந்தக் கதவைத் திறந்தே வையுங்கள், தரையை மட்டும் ஆசிட் இல்லாமல் கழுவுங்கள்.

மண்தொட்டியில் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை

ஆண் பூனை என்றால் மலச்சிக்கல் என்று முடிவு கட்டி விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். ஒரு நாள், இரண்டு நாளில் உயிரே போகும். நடு ராத்திரியானாலும் கொண்டுபோங்கள்.

அடைப்பு இல்லாமல் சோஃபாவிலும் கட்டிலிலும் சிறுநீர் கழித்தால் அது பழிவாங்கல் இல்லை. தொட்டி அழுக்காக இருக்கும், வாஷிங் மெஷின் பக்கத்தில் இருக்கும், அல்லது இரண்டு பூனைக்கு ஒரே தொட்டி இருக்கும். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை தொட்டி வையுங்கள். தினமும் அள்ளிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இது இன்னும் முக்கியம்: டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளிவந்தாலும் தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். அள்ளுவது வேறு யாராவதாக இருக்கட்டும். இதற்காகப் பூனையை வீட்டை விட்டு அனுப்ப வேண்டியதில்லை.

கடித்துவிட்டது, பிறாண்டிவிட்டது

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்குவதால் மேலே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் ரேபிஸ் ஊசி போட வேண்டும், குட்டி மூன்று மாதம் ஆனதும் தொடங்கலாம்.

இப்போதே ஒரு வேலை: உங்கள் பகுதியில் ராத்திரி திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று கேட்டு, எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் 1903ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். போகும்முன் போன் செய்து பூனை மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தூக்கிப்போகும் கூடையைப் பரணில் போட்டு வைக்காமல், கதவைக் கழற்றி ஹாலிலேயே துணி விரித்து வையுங்கள். அதில் தூங்கிப் பழகிய பூனை அவசரத்துக்கு உள்ளே போக அடம்பிடிக்காது.

சாப்பிடவில்லை, ஒளிந்துகொண்டே இருக்கிறது

தீபாவளி நேரம் என்றால் பயம்தான் முதல் காரணம். ஜன்னல் இல்லாத உள்ளறையில் மண்தொட்டி, தண்ணீர், அட்டைப்பெட்டி வைத்து, ஃபேனை ஓடவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வெடிச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே, சாயங்காலமே அடைத்துவிட வேண்டும். பயந்தபின் பிடிக்கப் போனால் பிடிபடாது. வாசற்கதவை அன்று யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும், பட்சணத் தட்டோடு வந்துபோகிறவர்கள் திறந்துவிட்டுப் போவார்கள்.

பண்டிகை இல்லாத நாளில் முழுதாக ஒரு நாள் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கொழுத்த பூனையாக இருந்தால் இரண்டு நாள் பட்டினியே கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்துவிடும். காத்திருக்கும் நேரத்தில், மேலே சொன்ன இடங்களை ஒரு சுற்று பாருங்கள்: குப்பைக்கூடை கவிழ்ந்திருக்கிறதா, மணிபிளான்ட் இலையில் பல்தடம் இருக்கிறதா, பூச்சரம் முழுதாக இருக்கிறதா, மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம், வலையில் எங்கே தளர்வு. பார்த்ததைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.